கவசத் தகட்டைக் கழற்றினால் என்ன ஆகும்? – கைபேசியின் வானலைப் பகுதி பற்றிய வாசகர் கேள்விகள்

பழைய கைபேசிகளைத் திறந்து பார்த்து மின்னணுவியல் கற்பது குறித்து இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைப் பற்றியே கேட்கின்றன. சுற்றுப் பலகையின் மீது பளபளக்கும் கவசத் தகடு என்ற உலோக மூடியையும், அதற்கு அடியில் இருக்கும் கடுகளவு உறுப்புகளையும் எடுத்துவிடலாமா, எடுத்தால் என்ன கிடைக்கும், எதை இழப்போம் என்பதே அவர்களின் ஐயம். ஆகவே இம்முறை வேறு பொருள்களை ஒதுக்கிவிட்டு இதற்கு மட்டுமே பதில் தருகிறேன்.

கேள்வி: சார்ஜ் ஏறாத என் கைபேசியை ஒரு கடையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கினேன். பிறகு வேறொரு வேலைக்காகத் திறந்தபோது, உள்ளே இருந்த வெள்ளி நிறத் தகடுகளில் ஒன்றைக் காணவில்லை. கேட்டதற்கு, "அது வெறும் மூடிதான், இல்லாவிட்டாலும் போன் ஓடும்" என்கிறார்கள். வீட்டில் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் மலையடிவாரத்தில் உள்ள எங்கள் தோட்டத்துக்குப் போனால், முன்பு கிடைத்த சிக்னல் இப்போது நிற்பதில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தொடர்பு இருக்க வாய்ப்பு மிகுதி. அந்தத் தகடு வெறும் மூடி அன்று. அதன் ஓரங்கள் சுற்றிலும் பலகையின் தரை (கிரவுண்ட்) இணைப்போடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பலகைக்குள் பதிந்திருக்கும் செம்புத் தளம் அடிப்பாகமாகவும், இந்தத் தகடு மேற்பாகமாகவும் சேர்ந்து நான்கு புறமும் மூடிய ஓர் உலோகப் பெட்டி உருவாகிறது. மேற்பாகத்தை எடுத்துவிட்டால் பெட்டி என்பதே இல்லாமல் போகிறது.

இப்படி ஒரு பெட்டி ஏன் தேவைப்படுகிறது என்பதற்குப் ஜி.எஸ்.எம். என்ற பழைய 2ஜி தரநிலையின் இரண்டு எண்களைப் பார்த்தாலே போதும். 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் சாதாரணக் கைபேசி உச்ச அளவில் 2 வாட் திறனை வெளியிடலாம். அலையின் வலிமையை அளக்கும் டிபிஎம் அலகில் இது 33. அதே கைபேசி, கோபுரத்திலிருந்து வரும் அலை மைனஸ் 102 டிபிஎம் அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தாலும் அதைக் குறிப்பிட்ட பிழை வரம்புக்குள் வாசிக்க வேண்டும் என்றும் தரநிலை கேட்கிறது. இரண்டுக்கும் இடையே 135 டெசிபல் வேறுபாடு இருக்கிறது. சாதாரணக் கணக்கில் இது ஏறத்தாழ 30 இலட்சம் கோடி மடங்கு. இவ்வளவு பெரிய ஆற்றலை உமிழும் பெருக்கியும், இவ்வளவு சிறிய ஆற்றலுக்காகக் காத்திருக்கும் ஏற்பியும் ஒரே பலகையில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் வாழ வேண்டியிருக்கிறது.

பெருக்கி மட்டுமே தொல்லை தருவதில்லை. பழைய ஜி.எஸ்.எம். கைபேசிகள் 13 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் இயங்கின. எந்தக் கடிகாரத் துடிப்பும் தன் அதிர்வெண்ணின் மடங்குகளிலும் சிறிது ஆற்றலைக் கசியவிடும். 13-ஐ 72-ஆல் பெருக்கினால் 936. 73-ஆல் பெருக்கினால் 949. கோபுரத்திலிருந்து கைபேசிக்கு அலை வரும் 935 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்குள், மிகச் சரியாக 5-ஆம் தடத்தின் (சேனலின்) மீதும் 70-ஆம் தடத்தின் மீதும் இவை விழுகின்றன. மற்ற தடங்களில் நன்றாகக் கேட்கும் கைபேசி இந்த இரண்டில் மட்டும் செவிடாவது ஜி.எஸ்.எம். வடிவமைப்பாளர்களுக்கு மிகவும் பழகிய சிக்கல். கைபேசி தனக்குத்தானே செய்துகொள்ளும் இந்த இடையூறை அடக்குவதில் பாதி வேலை கவசத்தினுடையது.

உங்களுடையது 4ஜி கைபேசியாக இருக்கும் என்று கொள்கிறேன். அதில் கடிகார எண்கள் வேறு. சிக்கல் அதுவேதான், ஆனால் இன்னும் கடுமையானது. நினைவகத்துக்கும் திரைக்கும் செல்லும் அதிவேக மின்தடங்கள் ஒருபுறம் இரைச்சல் எழுப்புகின்றன. சார்ஜ் பழுதுக்காகத் திறந்திருக்கக்கூடிய பவர் ஐசி, ஒரு நொடிக்குப் பல இலட்சம் முறை திறந்து மூடும், மின்னழுத்தத்தை மாற்றும் சுற்றுகளைக் கொண்டது என்பதால் அதுவும் இரைச்சலின் ஊற்றே. வீட்டருகே கோபுரம் இருக்கும்போது வரும் அலை வலிமையாக இருப்பதால் இந்த இரைச்சல் வெளியே தெரிவதில்லை. தோட்டத்தில் வரும் அலையோ இரைச்சலின் அளவுக்கே தாழ்ந்திருக்கும். அங்கே கவசம் இல்லாத குறை அப்படியே வெளிப்படும். கடைக்காரர் தம் மேசையில் வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது உண்மையாகவே இருக்கலாம். அவர் சோதித்த இடம் ஊருக்குள் இருக்கிறது என்பதே செய்தி.

இன்னொரு வேலையும் அந்தத் தகட்டுக்கு உண்டு. பல கைபேசிகளில் சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே வெப்பம் கடத்தும் பசையோ மெத்தென்ற திண்டோ வைத்திருப்பார்கள். தகடு போனால் வெப்பம் வெளியேறும் வழியும் போகிறது.

என்ன செய்யலாம்? அதே மாடலின் பழுதான பலகை ஒன்றிலிருந்து தகட்டை எடுத்துப் பொருத்தித் தரும்படி கேளுங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இத்தகைய பலகைகள் கிடைக்கின்றன. சட்டமும் மூடியும் தனித்தனியாக உள்ள வகை என்றால், சட்டம் பலகையில் இன்னும் இருக்கும். மூடியை அழுத்திப் பொருத்தினால் போதும். ஒரே துண்டாகப் பற்றவைக்கப்பட்ட வகை என்றால், சூடான காற்றை ஊதி ஈயத்தை உருக்கும் ஹாட் ஏர் வேலை தேவைப்படும். எக்காரணம் கொண்டும் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டிவிட வேண்டாம். தரையோடு இணையாத உலோகத் தாள் கவசமாக வேலை செய்யாது. நழுவினால் உறுப்புகளைக் குறுக்கிணைத்து எரிக்கவும் செய்யும். பொருத்தும் முன்பும் பின்பும், அமைப்புகளில் சிம் நிலை என்ற பக்கத்தில் காட்டப்படும் டிபிஎம் எண்ணைத் தோட்டத்தில் ஒரே இடத்தில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த எண் மாறாமலே இணைப்பு மட்டும் மேம்படக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்; வரும் அலையின் வலிமை அதேதான், குறைவது இரைச்சல்.

கேள்வி: உலோகத் தகடு அலைகளைத் தடுக்கும் அல்லவா? அதை நீக்கினால் சிக்னல் கூடுமா? அல்லது கதிர்வீச்சு நம் மீது அதிகம் படுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டும் நடக்காது. அலைகள் உள்ளே வருவதும் வெளியே போவதும் ஆன்டெனா வழியாக. ஆன்டெனா கவசத்துக்கு வெளியேதான் இருக்கிறது. நம் உடல் உறிஞ்சும் ஆற்றலுக்கு 2012 செப்டம்பர் முதல் இந்தியாவில் உள்ள வரம்பு, ஒரு கிராம் திசுவில் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட். உடல் உறிஞ்சும் அளவைத் தீர்மானிப்பதிலும் ஆன்டெனாவின் இடமும், அனுப்பும் திறனுமே முதன்மையானவை. கவசத் தகடு நம்மைக் காப்பதற்காக வைக்கப்பட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அது கைபேசியை அதனிடமிருந்தே காப்பதற்காக வைக்கப்பட்டது.

கேள்வி: நான் மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு மாணவன். மோட்டோரோலா சி118, சி123 ஆகிய பழைய கைபேசிகளில் கவசத்தைத் திறந்து, உள்ளே இருக்கும் வடிகட்டிகளை நீக்கி ஐரோப்பிய ஆய்வாளர்கள் பயன்படுத்தினார்கள் என்று படித்தேன். வடிகட்டி என்பது நல்லதைச் செய்யும் உறுப்புதானே? அதை ஏன் நீக்கினார்கள்? நீக்கிய இடத்தில் ஒரு கம்பியை வைத்து இணைத்தால் போதாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வந்த கேள்விகளிலேயே என்னை மிகவும் மகிழ்வித்த கேள்வி இது. கடைசி வரியில் நீங்கள் கேட்டிருப்பதுதான் இந்த வேலையின் மையமே.

முதலில் பின்னணி. ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் வெல்டே முன்னின்று 2010-இல் தொடங்கிய ஆஸ்மோகாம் பிபி என்ற திட்டம், ஜி.எஸ்.எம். கைபேசியின் அடித்தள மென்பொருள் முழுவதையும் யாரும் படிக்கக்கூடிய திறந்த நிரலாக எழுத முற்பட்டது. கோடிக்கணக்கான மக்கள் பயன்படுத்தும் ஒரு கருவி வலைப்பின்னலோடு என்ன பேசுகிறது என்பதை ஒருசில நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் அறிய முடியாத நிலை அன்று இருந்தது. அந்தச் சுவரை உடைத்த அரிய முயற்சி அது. அவர்கள் தேர்ந்தெடுத்த கைபேசிகள் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கலிப்சோ சில்லுத் தொகுதியைக் கொண்டவை. கலிப்சோ கணக்கிடும், ஐயோட்டா என்ற துணைச் சில்லு ஒலியையும் மின்வழங்கலையும் பார்த்துக்கொள்ளும், ரீட்டா என்று அழைக்கப்படும் டி.ஆர்.எஃப். 6151 வானலையைக் கையாளும். இவற்றைப் பற்றிய ஆவணங்கள் இணையத்தில் கசிந்து கிடைத்தன. காதொலிக் கருவி செருகும் 2.5 மி.மீ. துளை வழியாகவே கணினியோடு இணைத்து நம் நிரலை ஏற்ற முடிந்தது. கையொப்பம் இல்லாத நிரலை மறுக்கும் காவலும் இவற்றில் இல்லை. விலையோ மிகக் குறைவு.

இனி வடிகட்டிக்கு வருவோம். ஜி.எஸ்.எம். 900-இல் கைபேசியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் அலைகள் 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், கோபுரத்திலிருந்து கைபேசிக்கு வரும் அலைகள் 935 முதல் 960 வரையிலும் அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு தடத்துக்கும் ஏறு திசைக்கும் இறங்கு திசைக்கும் இடையே 45 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. ஒரு கைபேசி கேட்க வேண்டியது கோபுரத்தை மட்டுமே. அருகில் இருக்கும் இன்னொரு கைபேசியை அன்று. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் கைபேசி முழுத் திறனில் பேசும்போது உங்கள் ஏற்பி திணறிவிடக் கூடாது என்பதற்காகவே, ஆன்டெனா சுவிட்சுக்கும் ரீட்டாவின் முதல் பெருக்கிக்கும் நடுவே, பரப்பு ஒலி அலை வடிகட்டி என்ற சா ஃபில்டர் வைக்கப்படுகிறது. 935–960 பட்டையைச் சிறு இழப்போடு உள்ளே விட்டு, 890–915 பட்டையை அது வன்மையாக அமுக்கிவிடும்.

ஆய்வாளர்களுக்கு வேண்டியதோ அமுக்கப்பட்ட அந்தப் பட்டையே. ரீட்டாவின் அலையியற்றியை (ஆசிலேட்டரை) ஏறு திசை அதிர்வெண்களுக்கும் திருப்ப முடியும் என்று கண்டார்கள். மென்பொருளும் அவர்கள் கையில் இருந்தது. நடுவில் நின்றது இந்த வடிகட்டி ஒன்றுதான். வடிகட்டி இருந்தபோதும், மிக அருகில் இருக்கும் கைபேசியின் அலை கொஞ்சம் கசிந்து வரவே செய்தது. பயன்படும் தொலைவுக்கு அது போதவில்லை.

அப்படியென்றால் பிடுங்கிவிட்டுக் கம்பி வைத்தால் என்ன? சுற்றுப்படத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். வடிகட்டிக்குள் நுழைவது ஒரு தடம். அதிலிருந்து வெளியேறுவது இரண்டு தடங்கள். ரீட்டாவின் முதல் பெருக்கி வேறுபாட்டு வகையைச் சேர்ந்தது: ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும் இரட்டை அலையை எதிர்பார்ப்பது. ஆன்டெனாவிலிருந்து வருவதோ தரையை ஒப்பிட்ட ஒற்றை அலை. ஒற்றையை இரட்டையாக்கும் வேலையையும் இந்த வடிகட்டியே, பெயரில் சொல்லாமல், சேர்த்துச் செய்துவந்தது. கம்பி வைத்தால் அந்த வேலை நின்றுபோகும். பெருக்கியின் ஒரு கால் அலையைப் பெறும், மற்றொன்று அந்தரத்தில் நிற்கும், மின்மறுப்புப் (இம்பீடன்ஸ்) பொருத்தமும் குலைந்துவிடும். ஆகவே அவர்கள் வடிகட்டியை நீக்கிய இடத்தில் பாலன் என்ற உறுப்பைப் பற்றவைத்தார்கள். ஏறத்தாழ 2 மி.மீ. நீளமே உள்ள பீங்கான் துண்டு அது. ஒற்றை அலையை இரட்டையாக்கும், ஆனால் ஏறு திசை எது, இறங்கு திசை எது என்று பார்க்காது. ஆக, நடந்தது நீக்கம் அன்று, மாற்றீடு. வடிகட்டி செய்த இரண்டு வேலைகளில் வேண்டாத ஒன்றை விட்டுவிட்டு, வேண்டிய ஒன்றை மட்டும் செய்யும் உறுப்பைக் கண்டுபிடித்து வைத்தார்கள். என் பார்வையில் இந்த முழு முயற்சியிலும் அழகான பகுதி இதுவே.

இத்தகைய மாற்றீட்டில் கவனிக்க வேண்டிய நுட்பங்கள் இன்னும் உண்டு. சா ஃபில்டர் மின்னலையை இயந்திர அதிர்வாக மாற்றி மீண்டும் மின்னலையாக்குவதால், நேர்மின்னோட்டம் அதைக் கடக்காது. சில பாலன்களில் கால்களுக்கிடையே நேர்மின்னோட்டம் தாராளமாகச் செல்லும். பெருக்கியின் உள்ளீட்டில் சார்பு (பயாஸ்) மின்னழுத்தம் இருந்தால், நடுவே மின்தேக்கிகள் இல்லாவிட்டால் அது தரைக்கு ஓடிவிடும். வடிகட்டியைச் சுற்றியிருக்கும் சிறு சுருள்களும் மின்தேக்கிகளும் அந்த வடிகட்டிக்கெனக் கணக்கிடப்பட்டவை. புதிய உறுப்புக்கு அவை பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்தனியாக அளவுத்திருத்தம் செய்து, அலை வலிமையைக் கணக்கிடும் எண்களை அதன் நினைவகத்தில் பதித்திருப்பார்கள். வடிகட்டியின் இழப்பும் அந்த எண்களுக்குள் அடங்கியிருப்பதால், மாற்றிய பிறகு கைபேசி காட்டும் வலிமை அளவை நம்ப முடியாது.

கொடுத்த விலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். காவல் இல்லாத வாசலில் எல்லாரும் நுழைவார்கள். வடிகட்டி இல்லாத ஏற்பிக்கும் அந்த நிலைதான். இந்தியாவில் இது இன்னும் கடுமை. 850 பட்டையில் இயங்கும் கோபுரங்கள் 869 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேல்நோக்கி, 890-ஐ நெருங்கும் அளவு வரை அலைபரப்புகின்றன. நீங்கள் கேட்க விரும்பும் ஏறு திசைப் பட்டைக்கு அடுத்த வீட்டிலேயே இவ்வளவு வலிமையான அலை இருக்கும்போது, திறந்துவிடப்பட்ட முதல் பெருக்கி அதில் மூழ்கிவிடும். ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தில் கிடைத்த முடிவு இங்கே ஒரு மொட்டைமாடியில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: அப்படி மாற்றிய கைபேசி எதற்குப் பயன்பட்டது? நாமும் செய்தால் சட்டம் அனுமதிக்குமா?
– வாசகர், வேலூர்

பதில்: பயன் இரண்டு வகை. 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கணினிக் கழகம் என்ற ஜெர்மன் கணினி ஆர்வலர் அமைப்பின் ஆண்டு மாநாட்டில், ஆய்வாளர்கள் கார்ஸ்டன் நோலும் சில்வேன் முனோவும், சில யூரோ விலையுள்ள இத்தகைய கைபேசிகளைக் கொண்டே ஜி.எஸ்.எம். அழைப்பைப் பிடித்து, ஏ5/1 என்ற பழைய மறையாக்கத்தை உடைக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகிப்போன அந்த மறையாக்கத்தை இனியும் நம்பக் கூடாது என்று வலைப்பின்னல் நிறுவனங்களுக்கு உறைக்கச் செய்தது அந்தச் செயல்விளக்கம். இரண்டாவது, 2012 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த மாநாட்டில் முனோ காட்டியது: அதே கைபேசியைச் சிறு கோபுரமாக மாற்றுவது. கோபுரம் கேட்க வேண்டியது கைபேசிகளின் ஏறு திசை அலையை அல்லவா? அதனால்தான் அங்கும் வடிகட்டியை மாற்றுவது உதவுகிறது. கோபுரத்துக்குத் தேவையான துல்லியமான கடிகாரம் கைபேசியில் இல்லாததால், உண்மையான கோபுரம் ஒன்றின் அலையைப் பிடித்து அதோடு தன் கடிகாரத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி செய்தார்.

சட்டத்தைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. இந்தியத் தொலைத்தொடர்புச் சட்டம், 2023-இன்படி, அனுமதியின்றி வலைப்பின்னலுக்குள் நுழைவதும் பிறர் தகவல்தொடர்பை இடைமறிப்பதும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் பெருந்தொகை அபராதத்துக்கும் உரிய குற்றங்கள். கைபேசியின் அடையாள எண்ணைத் திருத்துவதும் அப்படியே. உரிமம் பெற்ற பட்டையில் நீங்களே அலைபரப்புவது இதற்கும் மேலான தொல்லை, ஏனெனில் உங்கள் தெருவில் அவசர உதவிக்கு அழைக்கும் ஒருவரின் கைபேசி உங்கள் பொய்க் கோபுரத்தில் வந்து மாட்டிக்கொள்ளக்கூடும். 2009-இல் நெதர்லாந்தில் நடந்த ஹார் என்ற கணினி ஆர்வலர் முகாமில் சோதனை வலைப்பின்னல் நடத்தியவர்கள் அந்நாட்டு அரசிடம் சோதனை உரிமம் பெற்றே நடத்தினார்கள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் செய்வதென்றால், அலை கசியாத கவசப் பெட்டிக்குள், ஆன்டெனாவைத் துண்டித்து, கம்பியும் அலைத் தணிப்பானும் கொண்டு இரண்டு கருவிகளையும் இணைத்துச் செய்யுங்கள். தொடங்கும் முன் துறைத்தலைவர் வழியாக உரிய அனுமதியையும் எழுத்தில் பெறுங்கள்.

கேள்வி: இன்றைய 4ஜி, 5ஜி கைபேசிகளில் இதையே செய்ய முடியுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நடைமுறையில் முடியாது. 4ஜி-யின் இருபட்டை முறையில் கைபேசி ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் செய்கிறது, ஜி.எஸ்.எம். கைபேசியோ அனுப்பும் நொடித்துளியும் கேட்கும் நொடித்துளியும் வேறு வேறாக இருக்கும்படி முறை வைத்துக்கொண்டது. எனவே புதிய கைபேசியில் இரு திசைகளையும் பிரிக்கும் வடிகட்டியை எடுத்தால், தன் சொந்தக் குரலிலேயே ஏற்பி செவிடாகிவிடும். அதை எடுப்பதும் எளிதன்று: பெருக்கி, சுவிட்சு, பல பட்டைகளுக்கான வடிகட்டிகள் அனைத்தும் ஒரே பொதிக்குள் சேர்க்கப்பட்டு, அந்தப் பொதியின் மேலேயே மெல்லிய உலோகப் படலம் கவசமாகப் பூசப்படுகிறது. கழற்றுவதற்குத் தனியே ஒரு மூடி அங்கே இல்லை. உறுப்புகளைத் தொட முடிந்தாலும், தயாரிப்பாளரின் கையொப்பம் இல்லாத வானலை நிரலை அந்தச் சில்லுகள் ஏற்பதில்லை.

அலைகளைப் படிப்பதே நோக்கம் என்றால், 2012-க்குப் பிறகு வேறு வழி வந்துவிட்டது. தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்கப்பட்ட ஆர்.டி.எல். 2832யு சில்லுள்ள சிறு யு.எஸ்.பி. துண்டுகள் பொதுவான மென்பொருள் வானொலியாக வேலை செய்யும் என்று அப்போது கண்டறியப்பட்டது. விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் அலையைப் பிடித்துப் பார்ப்பது நல்ல தொடக்கம். பற்றவைப்புக் கருவியே வேண்டாம்.

கேள்வி: நான் செய்தியாளன். ஒட்டுக்கேட்புக்கு அஞ்சி, கைபேசியின் மைக்கையும் கேமராவையும் கழற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆன்டெனாவையும் துண்டித்துவிட்டால் முழுப் பாதுகாப்புதானே?
– வாசகர், சென்னை

பதில்: உங்கள் அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்க அரசின் ஒட்டுக்கேட்பை அம்பலப்படுத்திய எட்வர்டு ஸ்னோடன் 2016-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், கைபேசியைத் திறந்து கேமராக்களையும் மைக்குகளையும் அகற்றுவதைத் தாமே செய்து காட்டினார். பேச வேண்டியபோது மட்டும் காதொலிக் கருவியைச் செருகிப் பேசுவது அவர் சொன்ன வழி. ஒலியைப் பதிவதற்கான உறுப்பே இல்லாவிட்டால் தீய மென்பொருள் எதைப் பதியும் என்ற அந்த வாதம் பெரும்பாலும் செல்லும். முழுவதும் செல்லாது. 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினரும் இஸ்ரேலின் ரஃபேல் நிறுவனத்தினரும் இணைந்து செய்த ஆய்வு, கைபேசி சுழல்வதை உணரும் கைரோ உணரியே அருகில் எழும் பேச்சொலியின் அதிர்வைச் சிறிதளவு பிடிக்கும் என்று காட்டியது. இன்றைய கைபேசிகளில் மைக் ஒன்றுக்கு மேல் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கீழே ஒன்று, மேலே ஒன்று, பலவற்றில் கேமராவின் அருகே இன்னொன்று.

ஆன்டெனாவைத் துண்டிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். துண்டித்தபின் மிஞ்சும் சிறு உலோக முனையே ஆன்டெனாவாக வேலை செய்து, கோபுரம் அருகில் இருந்தால் இணைப்பை ஏற்படுத்திவிடும். சிக்னல் இல்லை என்று நீங்கள் நம்பியிருக்கும் வேளையில் கைபேசி தன் இருப்பிடத்தைத் தெரிவித்துக்கொண்டிருக்கும். பொய்யான பாதுகாப்பு உணர்வைவிடக் கொடியது இந்தத் துறையில் வேறில்லை. போக வேண்டிய இடம் இல்லாத ஆற்றல் திரும்பி வந்து பெருக்கியைச் சுடுவதும் உண்டு.

இதே சிக்கலுக்கு ஸ்னோடனும் வன்பொருள் வல்லுநர் ஆண்ட்ரூ ஹுவாங்கும் 2016 ஜூலையில் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் வேறொரு வழியை முன்வைத்தார்கள். 2012-இல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் கொல்லப்பட்ட செய்தியாளர் மேரி கோல்வினின் நிலையை அவர்கள் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டினார்கள். விமானப் பயன்முறைக் குறியீடு திரையில் தெரிகிறது என்பதற்காக வானலைப் பகுதி உறங்குகிறது என்று நம்ப முடியாது. திரையைக் காட்டுவதும் அதே மென்பொருள்தான். எனவே எதையும் பிடுங்காமல், ஐபோன் 6-இன் பலகையில் கைபேசி, வைஃபை, புளூடூத், ஜி.பி.எஸ். பகுதிகளுக்குச் செல்லும் மின்தடங்களில் மெல்லிய கம்பிகளை இணைத்து, சிம் நுழையும் துளை வழியாக வெளியே கொண்டுவந்து, தனியான ஒரு சிறு கணினி அவற்றைக் கண்காணிக்க வேண்டும் என்பதே அவர்கள் வடிவமைப்பு. உறங்க வேண்டிய தடத்தில் துடிப்பு தெரிந்தால் அது எச்சரிக்கும். வானலைப் பகுதியை ஊமையாக்க முயல்வதைவிட, அது பேசுகிறதா என்று நேரடியாகத் தொட்டுப் பார்ப்பது எனக்கு எப்போதும் நேர்மையான வழியாகத் தோன்றுகிறது.

உங்களுக்கு என் நடைமுறை யோசனை: மிக முக்கியமான சந்திப்புக்குக் கைபேசியைக் கொண்டு செல்லாதீர்கள். கொண்டு சென்றே ஆக வேண்டும் என்றால், அலை கசியாத பையில் வையுங்கள்; ஆனால் பைக்குள் வைத்தபின் அந்த எண்ணுக்கு அழைத்து, மணி ஒலிக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கவசத்தையும் அதனடியில் உள்ள உறுப்புகளையும் பலகை கெடாமல் எடுக்கப் பழக விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, திருச்சி

பதில்: ஒரே மாடலின் இரண்டு பலகைகளை வாங்குங்கள்; ஒன்றைத் தொடாமல் வைத்திருங்கள். எடுத்த உறுப்பு எந்தப் பக்கம் பார்த்திருந்தது, அந்த இடத்தில் மின்தேக்கி இருந்ததா சுருள் இருந்ததா என்ற ஐயம் வரும்போது கைகொடுப்பது அந்த இரண்டாவது பலகைதான். எடுக்கும் முன் நெருக்கத்தில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கவசத் தகடு தரைத் தளத்தோடு இணைந்திருப்பதால் வெப்பத்தை வேகமாக இழுத்துவிடும். தகட்டின் மேல் மட்டும் ஹாட் ஏரை நீண்ட நேரம் காட்டினால், ஈயம் உருகும் முன்பே அடியில் உள்ள உறுப்புகள் நகர்ந்துவிடும், அருகில் உள்ள பிளாஸ்டிக் இணைப்பிகள் வளைந்துவிடும். பலகையை அடியிலிருந்து மிதமாகச் சூடேற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் பகுதிகளை வெப்பம் தாங்கும் காப்டன் நாடாவால் மூடி, ஓரங்களில் ஃப்ளக்ஸ் என்ற பற்றவைப்புப் பசை தடவி, நான்கு ஓரமும் ஒருசேர இளகிய பிறகே தகட்டை நேர் மேலாகத் தூக்குங்கள். நெம்பாதீர்கள், நெம்பினால் தகட்டோடு செம்புத் திட்டும் பெயர்ந்து வரும். தூக்கும் நேரத்தில் கை நடுங்கினால் அடியில் உருகி நிற்கும் கடுகளவு உறுப்புகள் இடம் மாறும் என்பதால், முதல் சில முறை உயிரற்ற பலகைகளில் மட்டுமே பழகுங்கள். பழுதுபார்ப்பவர்கள் பி.எஃப்.ஓ. என்று அழைக்கும் திறன் பெருக்கியையும் ஆன்டெனா சுவிட்சையும் கண்டுபிடித்து, ஆன்டெனா முனையிலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு தடமாகச் சுற்றுப்படத்தோடு ஒப்பிட்டு வரையுங்கள். கெட்ட சுவிட்சை எடுத்துவிட்டு ஜம்பர் கம்பி இழுக்கும் பழக்கம் கடைகளில் இன்னும் இருக்கிறது. ஒரு பட்டை உயிர்பெற்று மற்றப் பட்டைகள் ஏன் இறந்தே கிடக்கின்றன என்பது நீங்கள் வரைந்த அந்தப் படத்திலேயே தெரியும்.

வேலை முடிந்ததும் தகட்டை மீண்டும் பொருத்தி, ஓரம் முழுவதும் தரையோடு இணைந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். அதன் பிறகு அழைத்துப் பேசும்போது ஒலிபெருக்கியில் "டர்ர்" என்ற இரைச்சல் கேட்டால், ஒரு மூலையிலாவது ஈயம் பிடிக்கவில்லையோ என்று முதலில் சந்தேகியுங்கள். ஜி.எஸ்.எம். கைபேசி 4.615 மில்லி நொடிக்கு ஒரு முறை அனுப்புவதால் நொடிக்கு ஏறத்தாழ 217 முறை துடிக்கும் அலை, தகட்டின் இடுக்கு வழியாக ஒலிச் சுற்றுக்குள் நுழையும்போது இந்த இரைச்சல் எழும்.